மெத்தை வண்டியும் பாம்பு வண்டியும்

எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் பெங்களூரில் என்னைக் கேட்காமல் எந்தப் பணக்காரனும் பெரிய கார் வாங்குவதில்லை என்று ஊரில் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஒரு வெளிநாட்டு கார் ஷோரூமில் நான் டெஸ்ட் டிரைவ் வண்டிக்கு டிரைவர். வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் ஓட்டுகிற அழகைப் பார்த்து மனசுக்குள் எல்லா சாமியையும் கூப்பிடுவேன். அவர் இறங்கிப் போனதும் சீட்டில் சிந்திய காபியைத் துடைப்பேன். இதைத்தான் ஊரில் 'ஆலோசனை சொல்வது' என்று சொல்லி வைத்திருந்தேன்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் விடியற்காலை ரயில். அதே ரயிலில், அதே பெட்டியில், அதே ஜன்னலோரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தவர் எங்கள் ஷோரூமுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு வெளிநாட்டு கார் ஷோரூமில் இதே வேலை பார்த்தார். அவரும் என்னை மாதிரி ஸ்கெலட்டன் லைன்காரர்தான், அந்தக் காலத்தில் மைன் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் அவை. எனக்கு நாலு லைன் தள்ளி வீடு.

இரண்டு கம்பெனியும் ஒரே மாதிரி நீளமான செடான் கார் விற்கிறவை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்க வருகிறவர் எங்கள் கடைக்கு வந்துவிட்டு நேரே ரோட்டைத் தாண்டி அங்கே போவார். அங்கே வந்தவர் இங்கே வருவார். அந்தக் கம்பெனிப் பெயர்களைச் சரியாக உச்சரிக்க எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மறுநாளே மறந்துவிட்டேன். அதனால் ரயிலில் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். என் வண்டி மெத்தை. அவர் வண்டி பாம்பு.

மெத்தை என்றால் மெத்தைதான். பின் சீட்டில் உட்கார்ந்தால் ரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பாம்பு வளைவில் காட்டுகிற வித்தை வேறு. எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் ரோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும், உள்ளே இருப்பவர் உடம்பு சாயாது. ஆனால் சீட் கெட்டி, ஹம்ப்பில் எலும்பெல்லாம் குலுங்கும் என்பது என் கட்சி. பங்காருபேட்டை வரைக்கும் நான் மெத்தையைப் புகழ்வேன். அதற்குப் பிறகு அவர் பாம்பைப் புகழ்வார். பெட்டியில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் தூங்குவார்கள். நான் மட்டும் தூங்கவே மாட்டேன். எனக்கு ரயிலில் தூக்கம் வராது, பேச்சுதான் வரும்.

விற்பனைக்கும் எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு கார் விற்றால் ஷோரூமில் பெரிய மணி ஒன்றை அடித்து எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தச் சத்தம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்கும். சாயங்கால ரயிலில் ஏறியதும் முதல் பேச்சே, "இன்னிக்கு உங்க பக்கம் சத்தமே காணோமே" என்பதுதான்.

எங்கள் அப்பாக்களும் இப்படித்தான் இருந்தார்கள். அவர் அப்பா ஒரு மைன், என் அப்பா ஒரு மைன். யார் மைனில் எடுத்த தங்கம் அதிக மஞ்சள் என்று இரண்டு பேரும் சண்டை போட்டதாக என் அம்மா சொல்லுவாள். இரண்டு பேர் கையிலும் ஒரு மோதிரம்கூடக் கிடையாது.

இப்படி இருக்கும்போது என் பொண்ணுக்கும் அவர் பையனுக்கும் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு வந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதுங்க இரண்டும் அதே ரயிலில் போய் வந்து, எங்களுக்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டன. நாங்கள் இரண்டு அப்பன்களும் அதே ரயிலில்தான் இருந்தோம். கார் பேசுகிற மும்முரத்தில் எங்களுக்குத் தெரியவில்லை.

லைனில் எல்லோரும் இது ஒத்துவராது என்றார்கள். அவர்கள் புத்த மதம், நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்ளும் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அது தீர்ந்தது. காலையில் அவர்கள் விகாரையில் பஞ்சசீலம் சொல்லிக் கல்யாணம், மத்தியானம் எங்கள் கோயிலில் மாலை மாற்றிக்கொள்வது. எல்லோரும் சிரித்த முகமாக எழுந்தோம். அதுவரை 'வாபா போபா' என்று இருந்தவர்கள் அன்றைக்கு சாயங்காலமே 'வாங்க சம்பந்தி, போங்க சம்பந்தி' ஆகிவிட்டோம். பூ வைக்கிற நாள் மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் என் வாய் வேலை காட்டியது.

ஒரு திங்கட்கிழமை. பெட்டி நிறைய ஆள். சம்பந்தி வழக்கம்போலப் பாம்பை ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு அந்த வண்டி மாதிரி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பொண்ணை அழைத்து வந்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாகத்தான் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

"உங்க பாம்புல என் பொண்ண ஏத்தி அனுப்பினா, ஊட்டு வாசல்ல பொண்ண தனியா, எலும்ப தனியாதான் எறக்கணும் சம்பந்தி" என்றேன்.

பெட்டியே சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவனெல்லாம் எழுந்து என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சம்பந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மூடினார்.

"அப்போ பொண்ணு உங்க ஊட்லயே பத்திரமா இருக்கட்டும்" என்றார்.

அதையும் நான் பதில் ஜோக் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. அன்றைக்கு சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து, பூ வைக்கிற விஷயம் இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள்.

என் பொண்ணு அழவில்லை. அழுதிருந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன், எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். டிபன் பாக்ஸைக் கட்டி என் முன்னால் வைப்பாள். சாப்பாட்டில் உப்பு, காரம் எல்லாம் சரியாக இருக்கும். பேச்சு மட்டும் இருக்காது. ரயில் வந்ததும் லேடீஸ் பெட்டிக்குப் போய்விடுவாள்.

என் பொண்டாட்டி பேசினாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

"அவங்க சாமிய அவங்க வுட்டுக்குடுத்தாங்க, நம்ம சாமிய நாம வுட்டுக்குடுத்தோம். உன்னால ஒரு காரை வுட்டுக்குடுக்க முடியலையா? இன்னா, அது உன் காரா?"

அது என் கார் இல்லை என்பது அதுவரை எனக்கு அவ்வளவு தெளிவாகத் தோன்றியதில்லை.

சரி, விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். காலில் விழுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, பழக்கம்தான். அவர் ஏறுகிற பெட்டியில் ஏறி, ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"உங்க வண்டிதான் ஒசத்தி. நான் ஒத்துக்கறேன்."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அடுத்த வரி என்ன என்று காத்திருந்தார்கள். அடுத்த வரி என்னிடம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தது. நான் முழிப்பதைப் பார்த்து ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தை நம்பி யாரும் அழுததே கிடையாது, நான் என்ன செய்ய?

"இங்கயும் வந்துட்டியா" என்றார் அவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'சம்பந்தி' போய்விட்டது, 'ங்க' போய்விட்டது.

பிறகு பொண்டாட்டியை அனுப்பினேன். அவள் உண்மையாகவே வருத்தம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டம்மா நல்லவிதமாகப் பேசினார்களாம். ஆனால் உள்ளேயிருந்து அவர், "இன்னும் சிரிப்பு காட்டறானா அவன்?" என்று கேட்டாராம். இருபது வருஷமாக ஊரைச் சிரிக்க வைத்ததற்குக் கிடைத்த பென்ஷன் இது.

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய மனுஷன் கார் வாங்கக் கிளம்பினார். கன்னடக்காரர். பெங்களூரில் தொழில், பேத்தமங்களா ஏரிப் பக்கம் தோட்ட வீடு. வாரா வாரம் தோட்டத்துக்கு வருகிற ரோட்டில்தான் ஓட்டிப் பார்ப்பேன், இரண்டு வண்டியும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வரட்டும் என்று இரண்டு ஷோரூமுக்கும் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் விற்பனை ஆள் யாரும் கூட வராமல் டிரைவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மட்டும் அனுப்பினார்கள். நான் கிளம்பும்போதே எங்கள் சேல்ஸ் ஆபீசர் சொல்லிவிட்டார், இந்த மாசம் இன்னும் மணியே அடிக்கவில்லை, வாயைக் கட்டுப்படுத்தி வண்டியைப் பற்றி மட்டும் பேசு என்று.

பங்காருபேட்டை தாண்டினதும் பாம்பு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், பின்னால் போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான். வளைவு வந்தால் அதன் பின் விளக்கு இரண்டும் ஒரு கோடு போட்ட மாதிரி திரும்பின. பின்னாலேயே என் மெத்தை, வயிறு முட்டத் தின்ற எருமை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு யோசித்து நிமிர்ந்தது. ஹாண்ட்லிங் என்று பயிற்சியில் சொன்னார்களே, அது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தப் பெரிய மனுஷன் ஏரிக்கரை ரோட்டில் இரண்டு வண்டியையும் மாறி மாறி ஓட்டினார். திருப்பினார், பிரேக் அடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுகிறவனுக்கு அது, உட்காருகிறவனுக்கு இது என்று தோன்றுகிறது, ஆனால் என் மனைவிக்கு இடுப்புவலி, பின் சீட்டில் அவள்தான் உட்காருவாள் என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அவனவன் வண்டியை அவனவன் புகழ்வது எனக்கு எதற்கு, நீ அவன் வண்டியில் பின்னால் உட்கார், அவன் உன் வண்டியில் உட்காரட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். முதலில் நான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பாம்பு நல்லா இருக்கிறது என்று சொன்னால் மணி எதிர்ப்பக்கம் அடிக்கும், எனக்கு வேலை போகும். நல்லா இல்லை என்று சொன்னால் ஸ்டியரிங் பிடித்திருக்கிற மனுஷன் காதாலேயே கேட்பார், என் பொண்ணு வாழ்க்கை போகும். இரண்டுக்கும் நடுவில், சீட் கலர் நல்லா இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று திட்டம் போட்டு ஏறினேன்.

பெரியவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். தங்கவயல் மார்க்கெட் வரை போய்த் திரும்பலாம் என்றார். சம்பந்தி கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சீட் முதலில் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. அப்படியே இடுப்பைப் பிடித்து நிறுத்தியது. முதல் ஹம்ப் வருவதைப் பார்த்து உடம்பை இறுக்கிக்கொண்டேன். அடி வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. அவர் பிரேக் போடுவதே தெரியவில்லை. மைனுக்குள் ஆளை இறக்குகிற கூண்டுதான் கேஜ், அதை மேலேயிருந்து இயக்குகிற வைண்டிங் டிரைவர் நல்லவராக இருந்தால் கேஜ் நின்றதே முழங்காலுக்குத் தெரியாது என்று என் அப்பா சொல்லுவார். அப்படி இருந்தது. இது வண்டியின் குணமா, ஓட்டுகிறவர் குணமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஏரித் தண்ணீர் பளபளவென்று ஜன்னலில் ஓடியது. என் பொண்ணு பேசாத நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

போன் அடித்துத்தான் விழித்தேன். எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது.

"அப்பா?" என் பொண்ணுதான். "இன்னாப்பா ஆச்சு உனக்கு?"

விஷயம் இதுதான். மார்க்கெட் திருப்பத்தில் எங்கள் லைன்காரர் யாரோ என்னைப் பார்த்திருக்கிறார். கறுப்புப் பெரிய கார், பின் சீட்டில் தலை சாய்ந்து, வாய் திறந்து நான். எங்கள் லைனிலிருந்து ஒருத்தன் அப்படி ஒரு காரில் படுத்துக்கொண்டு போனால் அது ஒரே ஒரு இடத்துக்குத்தான். நேரே என் வீட்டுக்கு ஓடி, உன் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் இல்லமா" என்றேன். "கார் சொகுசா கீது."

அவள் கட் பண்ணிவிட்டாள். ஆனால் பேசினாள். அத்தனை நாளைக்கு அப்புறம் அப்பா என்று கூப்பிட்டாள்.

பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாம்பு எப்படி என்று நான் வாயைத் திறக்கும் முன்பே, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், பேத்தமங்களா தாண்டியதிலிருந்து குறட்டையில் சொல்லிக்கொண்டுதான் வந்தாய் என்றார். நான் கண்ணாடியில் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

பிறகு சம்பந்தி முறை. என் மெத்தையில் ஏறி, முதுகு சாயாமல், கிராதிக் கம்பி மாதிரி நேராக உட்கார்ந்து வந்தார். நான் ஒவ்வொரு ஹம்ப்பையும் கர்ப்பிணியைக் கூட்டிப்போகிற மாதிரி ஏற்றி இறக்கினேன். இறங்கியதும் பெரியவர் எப்படி என்று கேட்டார். "நல்லாக்கீது சார்" என்றார். எது நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை.

தோட்டத்துக் குழாயில் சம்பந்தி கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். இந்த முறையாவது நம்பியிருப்பார் என்று நினைத்தேன். வாய்தான் பொய் சொல்லும், தூக்கம் சொல்லுமா?

அவர் கையை உதறினார். "தூங்கற மாதிரி கூட நடிக்கிற. உன்னாண்ட எது நெஜம்னு எனக்குத் தெரியலபா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். அதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. பேசிப் பார்த்தாகிவிட்டது, தூங்கியும் பார்த்தாகிவிட்டது. செத்துக் காட்டினால் அதற்கும் கை தட்டுவார்கள் போல.

அடுத்த வாரம் நான் எதிர்ப்பக்கம் மணிச் சத்தம் கேட்கக் காத்திருந்தேன். அடிக்கவில்லை. எங்கள் பக்கமும் அடிக்கவில்லை. அந்தப் பெரிய மனுஷன் இரண்டையும் விட்டுவிட்டு வேறெங்கோ போய், லாரி மாதிரி உயரமாக இருக்கிற வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். தோட்டத்து மண் ரோட்டில் செடான் அடி தட்டுகிறது என்றாராம். இப்போது யாருமே இந்தத் தாழ்ந்த கார் கேட்பதில்லை, ஏறி உட்கார்ந்து எல்லோரையும் குனிந்து பார்க்கிற வண்டிதான் கேட்கிறார்கள் என்று சேல்ஸ் ஆபீசர் சலித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் மெத்தையை டெஸ்ட் டிரைவிலிருந்து எடுத்துவிட்டார்கள். உறை மாட்டிப் பின்னால் யார்டில் நிறுத்தினார்கள். என்னையும் யார்டில்தான் நிறுத்தினார்கள், உறை மட்டும் மாட்டவில்லை. புது வண்டிகளைத் துடைக்கிற வேலை. ரோட்டுக்கு அந்தப் பக்கமும் பாம்பைக் காணவில்லை. அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வழியில்லை.

அதற்கப்புறம் ரயிலில் நான் பேசுவதில்லை. ஏதாவது சொல்லுபா என்று கேட்பார்கள். தலைவலி என்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் ரயில் பங்காருபேட்டையில் நின்றபோது அவர் எங்கள் பெட்டியில் ஏறினார். அவர் பெட்டியிலிருந்து இறங்கி நடந்து வந்திருக்கிறார். நேரே என் முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டிய யார்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உள்ள க்ளீன் பண்ணச் சொன்னாங்க" என்றார். "பின் சீட்ல, தலை வெக்கற எடத்துல, இம்மாம் பெரிய எண்ணெக் கறை. அதுக்குக் கீழ எச்சி வழிஞ்சு காஞ்சு போயி. க்ரீம் கலர் லெதர். இன்னா போட்டுத் தேய்ச்சாலும் போவல. சூபர்வைசர் என்னைப் புடிச்சித் திட்றான்."

பெட்டியில் சிரிப்பு ஆரம்பித்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

"நடிக்கிறவன் வாயில எச்சி வழியாதுங்க" என்றார் என்னிடம். "நெஜமாவே தூங்கிட்டீங்க."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒன்று வந்தது. அந்த எச்சியைப் பற்றி நல்ல ஜோக் அது. இப்போதும் நினைவிருக்கிறது, சொல்ல மாட்டேன். விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களை நெருக்கி இடம் பண்ணினேன். நாலு பேர் சீட்டில் அவர் ஐந்தாவதாக உட்கார்ந்தார். அவர் உடம்பில் பாதி வெளியே தொங்கியது.

அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. அவரிடமும் வண்டி இல்லை, என்னிடமும் இல்லை. மாலூர் தாண்டியபோது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா, பூ வைக்கிற நாளைப் பற்றிப் பேச வருகிறோம் என்றார். இருப்பேன் என்றேன். அவ்வளவுதான்.

ஒயிட்ஃபீல்டில் இறங்கியதும் கூட்டத்தில் என் பொண்ணைத் தேடி ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன்.

"ஞாயித்துக்கெழம அவங்க வராங்கமா. பூ வெக்கறதப் பத்திப் பேச."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பஸ் வந்தது.

"போப்பா, வெளையாடாத" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.